ரெண்டு பேர் இருந்தால்தான் ஸ்டாப்

குர்ஷித்தைக் கண்டால் எனக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லித் தப்பித்து வந்தவள் நான். இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே லைன். அவள் மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைப்பாள். தைத்து வருவதை நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். செக்கர் அமிர்தவள்ளி என்றால் லைனில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் உண்டு. குர்ஷித்துக்குக் கிடையாது. பதினோரு வருஷத்தில் அவள் தைத்ததில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதி எரிச்சல் அதிலேயே ஆரம்பம்.

அவள் பணக்காரி ஒன்றும் இல்லை. எனக்கு என்ன சம்பளமோ ஏறக்குறைய அதுதான் அவளுக்கும். எனக்கு ஒரே பெண், பிரிசில்லா. அவளுக்கும் ஒரே பெண், இஃப்ரா. என் வீட்டுக்காரர் அந்தோணி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவளுடைய ரஷீத் அஹமது பெங்களூரில் ஒரு செருப்புக் கடையில் இருக்கிறார். மாசத்துக்கு ஒரு முறை வருவார். எல்லாம் ஒன்றுதான். ஆனால் அவளிடம் இருக்கும்போது அதே விஷயம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நம்மைவிடப் பெரிய இடத்தில் இருப்பவள் நன்றாக இருந்தால் அது அவள் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். நம்மைப் போலவே இருப்பவள் நன்றாக இருந்தால் எப்படி விடுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பிரிசில்லா நானூற்று எண்பத்தொன்பது. பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குள் குர்ஷித் போன் செய்துவிட்டாள். இஃப்ரா ஐந்நூற்றுப் பதினொன்று. "ஒம் பொண்ணு இங்கிலீஷ்ல எம் பொண்ண விட ஜாஸ்தி வாங்கியிருக்கா பாரு" என்றாள். ஆறுதல் வேறு.

இரண்டு பெண்களுக்கும் வேலூர்ப் பக்கம் ஹைவே ஓரத்தில் இருக்கும் ஒரே காலேஜில் பி.காம். கிடைத்தது. அந்தக் காலேஜுக்கு ஹாஸ்டல் கிடையாது. எல்லோரும் வீட்டிலிருந்து போய் வருகிற பிள்ளைகள். காலை எட்டரைக்கு முதல் வகுப்பு. ஆம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், மாலையில் கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வருவதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். "மூணு வருஷம் புள்ளைங்கள இப்பிடி அலைய வுட முடியாதுடி. நாம அங்க போய்டலாம்" என்றாள் குர்ஷித். நான் அதையேதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வாயைத் திறந்தது அவள்.

எங்களைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கம்பெனி பஸ் இருந்தது. தினமும் காட்பாடியிலிருந்து புறப்பட்டு அந்தக் காலேஜைத் தாண்டித்தான் ஆம்பூர் வருகிறது. பஸ் விவகாரங்களைப் பார்க்கும் முனீர் அகமதுவிடம் போய் நின்றோம்.

"எங்க வேணா வீடு எடுங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே எடத்துல எடுங்க," என்றார் அவர். "புது ஸ்டாப்னா ரெண்டு பேராவது ஏறணும். ஒருத்திக்காக அம்பது பேர் இருக்கிற வண்டிய நிறுத்தமாட்டாங்க. ரெண்டு பேர் இருந்தாதான் ஸ்டாப்பு."

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் சுப்பராயனோடு வீடு பார்க்கப் போனோம். முதலில் காட்டிய தெருவில் வாடகை கம்மி. ஆனால் தெரு முனையிலேயே ஒயின் ஷாப். இரண்டாவது இடம் அழகான இடம். வாடகையைக் கேட்டதும் நானும் அவளும் ஒரே நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டோம். மூன்றாவதாகக் காட்டியது ரஹ்மத் நகர். காலேஜிலிருந்து பத்து நிமிஷ நடை. வழியில் மூடிக் கிடக்கிற ஒரு குடோனின் நீண்ட மதில் சுவர் மட்டும் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. அந்த இடத்தில் கடையும் இல்லை, விளக்கும் இல்லை. "ரெண்டு புள்ளைங்களும் சேந்து வரப் போவுது, இன்னா பயம்?" என்றாள் குர்ஷித். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

தெருவுக்குள் நுழைந்ததும் அவள் நேராக இஸ்திரி வண்டிக்காரம்மாவிடம் போனாள். "ஏழு மணிக்கு மேல இங்க பொம்பளப் புள்ளைங்க நடந்து போவுமாம்மா?" என்று கேட்டாள். "ஒம்போது மணி வரைக்கும் போவும், ஒண்ணும் பேஜார் இல்ல" என்று பதில் வந்தது. புரோக்கர் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டு வந்ததைவிட அந்த ஒரு பதில் போதும். கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் வீடு பார்க்கப் போனால் சுவரையும் தரையையும் பிறகுதான் பார்ப்போம். முதலில் தண்ணீர். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவில் உப்புத் தண்ணீரில் குளித்துப் பழகிய தலைமுடி இது. கொஞ்சம் வாயில் விட்டுப் பார்ப்போம், சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்போம். நான் வாயில் விட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டுவதற்குள் குர்ஷித் கைப்பையிலிருந்து கரைந்துபோன சோப்புத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள்! குழாயடியில் அவள் கை முழுக்க நுரை.

"பாருடி, மினரல் வாட்டர் கணக்கா இருக்குது" என்று என் கன்னத்தில் கொஞ்சம் தடவினாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

அந்த வீடு ஃபரீதா என்ற அம்மாவுடையது. கீழ் போர்ஷன். ஒரு ஹால், ஒரு அறை, தனிக் குழாய், உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளும் இரும்புக் கேட். மாடியில் வீட்டுக்காரம்மாவே இருக்கிறாள். அடுத்த சந்தில் அப்துல் வஹீத் என்பவர் வீட்டின் பின்பக்கம் இன்னொரு போர்ஷன் காலியாக இருந்தது. வாடகை ஒன்றுதான். ஆனால் இருட்டு, சமையல்கட்டில் ஒரு ஆள்தான் நிற்கலாம், தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

"ஒனக்கு எது புடிச்சிருக்கோ நீ எடுத்துக்கோ அமிர்தம். மீதிய நா எடுத்துக்கறேன்," என்றாள் குர்ஷித், ஃபரீதா எதிரிலேயே.

அவளுக்கு என்ன, நல்ல பெயர் வாங்குவது கை வந்த கலை. நான் "யோசிச்சி சொல்றேன்" என்றேன். ஃபரீதா டீ கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் உருதுவில் பேச ஆரம்பித்தார்கள். பதினோரு வருஷம் குர்ஷித் பக்கத்தில் நின்றவளுக்கு உருது புரியாமல் போகுமா? தப்பாக ஒரு வார்த்தையும் இல்லை. குர்ஷித் பிறந்தது வாணியம்பாடி. ஃபரீதாவின் அம்மாவுக்கும் வாணியம்பாடி. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒரே சிரிப்பு. அதற்குள் ஃபரீதா அவளுக்கு ஆபா, அதாவது அக்கா, ஆகிவிட்டாள். சிரித்துக்கொண்டே ஃபரீதா பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயைக் குர்ஷித்தின் டம்ளரில் ஊற்றினாள். என் டம்ளரும் காலியாகத்தான் இருந்தது.

அந்த இரண்டாவது டீயைத்தான் நான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். "நீ எடுத்துக்கோ" என்று இவள் வாயால் சொல்லுவாள், "உங்களுக்குத்தான் கொடுப்பேன்" என்று அந்த அம்மா சொல்லுவாள், கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் பிடிக்கப்போவது நான்தான். எல்லாம் எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் சுப்பராயனிடம் நம்பர் வாங்கி ஃபரீதாவுக்குப் போன் செய்தேன்.

"வீடு எனக்குப் புடிச்சிருக்கும்மா. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடறேன்."

"அந்த இன்னொரு அம்மா கூட ஆசப்பட்ட மாதிரி தெரிஞ்சுதே?" என்றாள் ஃபரீதா.

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். என் வாய் என்றைக்கு மூடியது?

"குர்ஷித் தங்கமானவதான். ஆனா அவளுக்கு சொந்தக்காரங்க ஜாஸ்திம்மா. நாட்றம்பள்ளியிலருந்து வாரா வாரம் பத்துப் பேர் வந்து எறங்கிடுவாங்க. ஒங்க தண்ணி தாங்குமான்னு பாத்துக்குங்க. நா சொன்னேன்னு சொல்லாதீங்க."

 "நல்லவேள சொன்னீங்க" என்றாள் ஃபரீதா.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மனசாட்சி குத்தியது என்று பொய் சொல்லமாட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் குர்ஷித் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஃபரீதா ஆபா வீடு ஒனக்கு முடிஞ்சதுல சந்தோஷம்டி. ஆனா எனக்கு அந்தப் பின்பக்க வீடும் இல்லன்னுட்டாங்க."

பிசைந்த சோற்றை டப்பாவிலேயே போட்டேன். "அது வேற ஆளு வீடாச்சே! ஏன் இல்லன்னாங்க?"

"தெரியல," என்றாள்.

சுப்பராயனைக் கேட்டபோதுதான் சொன்னான். அப்துல் வஹீத், ஃபரீதாவின் கூடப் பிறந்த தம்பி. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் தம்பி தாண்டமாட்டான். எனக்கு வேண்டியதெல்லாம் நல்ல வீடு எனக்கு, இருட்டு வீடு அவளுக்கு, அவ்வளவுதான். அவளைத் தெருவை விட்டே துரத்த நான் நினைக்கவில்லை. நினைக்காதது நடந்துவிட்டது. அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லிச் சரிசெய்ய ஒரு போன் போதும்தான். அந்தப் போனை நான் செய்யவில்லை.

குர்ஷித் அலைந்து திரிந்து காலேஜுக்கு அந்தப் பக்கம், மேம்பாலத்தை ஒட்டி ஒரு வீடு பிடித்தாள். அங்கே கம்பெனி பஸ்ஸுக்கு ஏற்கெனவே ஸ்டாப் இருந்தது. ஆறு பெண்கள் ஏறுகிறார்கள். ரஹ்மத் நகர் ஸ்டாப்புக்கு நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முனீர் அகமது காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் தினமும் என் பிழைப்பு இதுதான். காலை ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டச் சொல்லிவிட்டு இரண்டரை கிலோமீட்டர் நடந்து மேம்பாலத்து ஸ்டாப்புக்குப் போவேன். வியர்வை வழிய நான் போய்ச் சேரும்போது குர்ஷித் தன் சந்திலிருந்து அப்போதுதான் குளித்த முகத்தோடு வருவாள். ஜன்னலோரத்தில் எனக்கும் சேர்த்து இடம் போடுவாள். "நடந்தா ஒடம்புக்கு நல்லதுடி, ஒனக்கு இடுப்பு எளச்சிருக்குது பாரு" என்பாள். அவளை அப்படியே கீழே தள்ளிவிடலாமா என்று இருக்கும். நல்ல தண்ணீரில் துணி துவைத்தேன், நல்ல தண்ணீரில் சமைத்தேன், அந்த வீட்டில் ஒரு நாளும் மனசு குளிர உட்காரவில்லை.

பிரிசில்லா காலேஜிலிருந்து தனியாக வருவாள். இஃப்ரா மேற்கே போவாள், இவள் கிழக்கே வருவாள். குடோன் மதிலைத் தாண்டும்வரை எனக்குப் போன் செய்து பேசிக்கொண்டே வருவாள். லைனில் போன் எடுக்கக் கூடாது என்பதால் பாதி நாள் நான் எடுத்ததில்லை. ஒரு நாள், "அம்மா, நாம ஏம்மா இங்க வந்தோம்? இஃப்ரா வீட்டுப் பக்கம் போயிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"அங்க தண்ணி உப்பு," என்றேன்.

நவம்பரில் மழை. சீக்கிரமே இருட்டிவிடுகிறது. அன்று காலேஜில் ஸ்பெஷல் கிளாஸ், ஐந்தே முக்காலுக்குத்தான் விட்டார்கள். நான் ஏழு மணிக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். மாடியில் ஃபரீதாவைக் கேட்டேன். "இன்னும் வரலியே" என்றாள். குடோன் மதில் வரைக்கும் ஓடினேன். சேற்றில் செருப்பு ஒன்று அறுந்துவிட்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். மதில் ஓரம் ஒரு ஈ காக்கா இல்லை. மாதாவே, என் பிள்ளையைக் கொடுத்துவிடு, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

போன் அடித்தது. குர்ஷித்.

"ஒம் பொண்ணு இங்கதான் இருக்கா. நல்லா இருக்கா, ஒண்ணும் ஆவல. ஆட்டோ புடிச்சி வா."

போய்ப் பார்த்தால் பிரிசில்லா அவள் வீட்டுக் கட்டிலில் இஃப்ராவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதில் ஓரத்தில் பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்து பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவன் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அவள் வீட்டுப் பக்கம் ஓடவில்லை. திரும்பிக் காலேஜைத் தாண்டி, மேம்பாலம் வரைக்கும், குர்ஷித் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த குர்ஷித் வாசலிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் அதே பஸ்ஸில் இறங்கித்தான் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன், மழை இருட்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. நான் கட்டிப்பிடித்தேன். என் கைக்குள்ளே இருந்தபடியே, "நா இனிமே அந்த வழியா போவமாட்டேம்மா. காலேஜே வேணாம்" என்றாள்.

என் வீட்டைவிட அவள் வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பாகத் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்திலும், அழுகைக்கு நடுவிலும், அது சுருக்கென்று தைத்தது. என்ன பிறவியோ நான்!

குர்ஷித் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கு நாட்றம்பள்ளியில யாருமே இல்லியேடி."

டம்ளரைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தம்பி வீடும் இல்லன்னதும் ஃபரீதா ஆபாகிட்ட நேரா போய்க் கேட்டேன். அவங்களுக்கு மறைக்கத் தெரியல. அப்புறம் அந்தத் தெருவே வேணாம்னு ஆயிடுச்சி."

"அப்பவே தெரியுமா? அஞ்சு மாசமா தெரிஞ்சிக்கினேவா எனக்கு சீட்டு புடிச்சி வெச்சே?"

"கோவம் இல்லன்னு நெனைக்காத. தெனம் காலையில நீ நடந்து வர்றத என் சந்துல நின்னு பாப்பேன். நல்லா நடக்கட்டும்னு இருக்கும். இடுப்பு எளச்சிருக்குதுன்னு வேணும்னேதான் சொன்னேன்." அவள் அடுப்பை அணைத்தாள். "புள்ளைக்கு இப்பிடி ஆவும்னு நெனைக்கல. அன்னிக்கே ஒன்ன நாலு வார்த்த கேட்டிருந்தா எதுனா வழி பண்ணியிருக்கலாம். எம் மேலயும் தப்பு இருக்குது."

அவள் மேல் என்ன தப்பு? அதிலும் பங்கு கேட்கிறாள்! நான் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. "எனக்கு ஒன்ன கண்டாலே வயிறு எரியுதுடி" என்றுதான் வந்தது.

"தெரியும். லைனுக்கே தெரியும்," என்றாள். பிறகு, "மேல ஒரு ரூம் காலியா இருக்குது. ஷீட் போட்டது, வெயில்ல கொதிக்கும். தண்ணியும் உப்புதான். ஆனா புள்ளைங்க சேந்து போவும், சேந்து வரும். வீட்டு ஓனரு ஞாயித்துக்கெழம வருவாரு, வந்து கேளு" என்றாள்.

கீழே அவள், மேலே ஷீட்டுக்கு அடியில் நான். எந்த நிலைமைக்குப் பயந்து நான் அந்தப் போனைச் செய்தேனோ, அதைவிட மோசமான நிலைமைக்கு இப்போது நானே போய் நிற்க வேண்டும். பிரிசில்லா அன்று ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டாள். நான் தனியாக ரஹ்மத் நகருக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் போனேன். வீட்டு ஓனர் இன்பராஜ், ரிட்டையரான ஸ்கூல் கிளார்க், கழுத்தில் சிலுவைச் செயின். அப்பாடா என்று இருந்தது.

"நாங்களும் கிறிஸ்டியன்தான் சார். ஞாயிறு தவறாம பூசைக்குப் போவோம்," என்றேன்.

"அது இருக்கட்டும்மா. சாமி கும்புடறவங்க எல்லாம் வாடகைக்கு நல்லவங்களா இருக்கறதில்ல," என்றார். பிறகு என்னைத் தாண்டி, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த குர்ஷித்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சரின்னா சாவியக் குடுத்துடறேன். இவங்கள ஒங்களுக்கு எத்தன வருஷமாத் தெரியும்?"

"பதினோரு வருஷம்."

"தொந்தரவு எதுவும் இருக்காதே?"

குர்ஷித் கீரையைக் கீழே வைத்தாள்.  எனக்குப் பின்னால் பிரிசில்லா என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. வாரா வாரம் லாரிக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பெண் திரும்பவும் அந்த மதில் ஓரம் நடக்க வேண்டியதுதான், இல்லையென்றால் படிப்பை விட வேண்டியதுதான். அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தொந்தரவு இருக்கும் சார்," என்றாள் குர்ஷித். "எனக்கு. ஒங்களுக்கு இருக்காது."

இன்பராஜ் சிரித்துவிட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார். அவள் என் கையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு பதில் என் வாயில் ஆயுசுக்கும் வராதே என்று வயிறும் எரிந்தது.